பிள்ளைகளோடு ஏரிக்கரை வரை

 

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஜனாஸாத் தொழுகைக்கு முன்னின்றேன். பன்னிரண்டு வயதுச் சிறுவன். எங்கள் மதரசாவில் மாலை வகுப்புக்கு வந்து கொண்டிருந்தவன். நான்கு பிள்ளைகள் வீட்டாருக்குத் தெரியாமல் ஊருக்கு வெளியே உள்ள ஓர் ஏரிக்குக் குளிக்கப் போனார்கள். மூவர் திரும்பி வந்தனர். அவனது பெயரையோ அந்த ஏரியின் பெயரையோ எழுதும் மனம் எனக்கில்லை. அடக்கம் முடிந்து கப்ருஸ்தானின் வாயிலில் அவனுடைய அத்தா என் கையைப் பற்றிக்கொண்டு, "தண்ணிப் பக்கம் போகாதேன்னு தினமும் சொன்னேன் ஹஜ்ரத், தினமும் சொன்னேன்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

நானும் அதைத்தானே சொல்லிக் கொண்டிருந்தேன்? ஓசூருக்கு வந்து பதினாறு ஆண்டுகளாகின்றன. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் முந்தின நாள், பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, "ஏரிக்குப் போகாதீர்கள், குட்டைக்குப் போகாதீர்கள், அணைக்குப் போகாதீர்கள்" என்று எச்சரித்து அனுப்புவது என் வழக்கம். அந்த ஏரிக்குள்ளே என்ன இருக்கிறது, எதனால் போகக் கூடாது என்பதை ஒரு நாளாவது நான் சொன்னதில்லை. சொல்வதற்கு முதலில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

நான் கரூர்ப் பக்கத்துக்காரன். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்புக் கயிற்றின் மறுமுனையைத் தம் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் அத்தா என்னைக் கிணற்றில் இறக்கி நீந்தப் பழக்கினார். ஆனால் என் பிள்ளைகள் மூவரும் ஓசூரில், வாடகை வீட்டின் இரண்டாம் மாடியில் பிறந்து வளர்ந்தவர்கள். மூத்தவளுக்குப் பதினான்கு வயது. நடுவில் ஒரு மகன். இளையவளுக்கு ஏழு வயது. குழாயில் வருவதும் லாரியில் வருவதுமே அவர்கள் அறிந்த தண்ணீர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் இவ்வூருக்குப் பிழைக்க வந்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். ஆண்கள் ஷிப்டுக்குப் போகிறார்கள். பெண்கள் நான்கு சுவர்களுக்குள் இருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கும் மதரசாவுக்கும் போய் வருகிறார்கள். விடுமுறை நாளிலும் கடைத்தெருவைத் தாண்டி நாம் போவதில்லை.

ஜனாஸா நடந்த அந்த வார இறுதியில் என் இல்லாளிடம், "ஞாயிறு காலை பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப் போகலாம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த நேரத்திலா?" என்று கேட்டார். "இந்த நேரத்தில்தான்" என்றேன்.

நாம் வாழும் இடத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் இருக்கிறது. 50 கிலோமீட்டர் கிழக்கே கிருஷ்ணகிரிக்கு வந்தால் ஏறத்தாழ 400 மீட்டர் இறங்கிவிடுகிறோம். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் புறநகரைத் தொட்டுக்கொண்டு வந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையிலும், பின்னர் கிருஷ்ணகிரி அணையிலும் தங்கி, கடைசியில் கடலூருக்கருகே கடலில் கலக்கிறது. தெற்கேயும் மேற்கேயும் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வனங்கள் காவிரிக் கரை வரை நீள்கின்றன. நமக்குக் கடற்கரை கிடையாது. மற்றபடி மலை, ஏரி, காடு, அருவி ஆகிய எல்லாமும் ஒரு பகல் பொழுதில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் உள்ளன. (எங்கள் மாணவன் ஒருவன், "கிருஷ்ணகிரிக்குப் போனால் கஸ்ரு தொழலாமா ஹஜ்ரத்?" என்று ஆவலோடு கேட்டான். அந்தத் தொலைவு போதாது என்றதும் அவனுக்குப் பயணத்தின் மீதிருந்த ஆர்வமே பாதி குறைந்துவிட்டது!)

முதல் ஞாயிறு, பஜ்ரு தொழுதுவிட்டு, பக்கத்துக் கிராமத்து ஏரி ஒன்றின் கரை மீது நடந்தோம். நாங்கள் ஐவரும், என் மாமியாரும். ஏரிக்கரை என்பது முதியவரும் சிறுவரும் சேர்ந்து நடக்க ஏற்ற பாதை. ஏற்றமில்லை, இறக்கமில்லை, ஒருபுறம் நீர், மறுபுறம் வயல். நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக் கொண்டிருந்தன. "ஜமாஅத்துக்கு ஸஃப்பில் நிற்கிற மாதிரி இருக்கே நன்னிமா!" என்றாள் என் சின்ன மகள்.

கரையில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பிள்ளைகள் இறந்துபோகிற விதத்தை அவர்தான் எனக்குப் படிப்பித்தார். அதை அவர் சொன்னபடியே உங்களுக்குத் தருகிறேன். இப்பத்தியில் மற்றவற்றை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

ஏரியின் அடி, நாம் நினைப்பதுபோல் தட்டைப் போன்றதன்று. இயற்கையாக அது கரையை நோக்கி மெல்ல ஆழமாகும். ஆனால் கோடையில் ஏரி வற்றியதும் வண்டலும் மண்ணும் எடுக்கிறார்கள். இயந்திரம் வெட்டிய குழியின் பக்கங்கள் சுவர்போலச் செங்குத்தாக நிற்கும். மழை வந்து நீர் பரவியதும் குழி மறைந்துபோகும். மேலே பார்ப்பவருக்கு எங்கும் ஒரே சமமான நீர்ப்பரப்புதான் தெரியும். முழங்கால் அளவு நீரில் நடந்து செல்லும் சிறுவன், அடுத்த அடியை எடுத்து வைக்கும்போது அவனுக்குக் கீழே இரண்டு ஆள் ஆழம் இருக்கும். திரும்பி ஏற முயன்றால் செங்குத்துச் சுவரின் ஈர மண் கையோடு பெயர்ந்து வரும். அடியில் களிமண் இருந்தால் கால் புதையும். நீந்தத் தெரிந்தவனும் அங்கே திணறுவான்.

அடுத்து மதகு. பாசனத்துக்கு நீர் திறந்திருக்கும்போது மதகின் உட்புறத்தில் நீர் அமைதியாகத்தான் தெரியும். உள்ளே இழுப்பு இருக்கும். கலிங்கு வழியே நீர் வழியும்போது அதன் கல்லின் மீது பாசி படிந்திருக்கும். சறுக்கி விழுந்தால் கீழே பாறை. "கண்ணுக்குத் தெரியற ஆழத்துக்கு எவனும் பயப்படுவான் சாமி, தெரியாததுதான் ஆளைக் கொல்லும்" என்றார் அவர்.

என் மகன் ஒரு நீண்ட மூங்கில் கழியைக் கொண்டுவந்தான். கரையிலிருந்தபடியே அதை நீருக்குள் விட்டுப் பார்த்தோம். இரண்டு அடி தூரம் வரை தரை தட்டியது. மூன்றாவது அடியில் கழி முழுவதும் உள்ளே போயிற்று. அவன் முகம் வெளுத்தது. பதினாறு ஆண்டுகள் நான் சொல்லி வந்த "போகாதே" செய்யாததை அந்தக் கழி ஒரு நொடியில் செய்தது.

இன்னொன்றையும் அங்கேயே சொல்லிக் கொடுத்தேன். ஒருவன் மூழ்கும்போது அவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதிக்கிறான்; அவனையும் முதலாமவன் கட்டிப்பிடித்து இழுத்துவிடுகிறான். ஒரே வீட்டில் இரண்டு, மூன்று ஜனாஸாக்கள் எழுவது இப்படித்தான். ஆகவே குதிக்கக் கூடாது. எறிய வேண்டும். மூடியிட்ட காலித் தண்ணீர் கேன், பிளாஸ்டிக் குடம், எதுவும் மிதக்கும். நீளமான கழியை நீட்டலாம். துப்பட்டாக்களை முடிந்து வீசலாம். வீசுபவர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வீச வேண்டும். கூவி ஆள் சேர்க்க வேண்டும். 108க்கும் தீயணைப்புக்கு 101க்கும் சொல்ல வேண்டும். கரைக்குக் கொண்டுவந்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் பக்கத்துப் பழக்கம். அதனால் நன்மையில்லை, பொன்னான நேரம்தான் போகிறது. மூச்சு இல்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பின் நடுவே அழுத்த வேண்டும். இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. செய்து காட்டச் சொல்லிக் கற்க வேண்டும். எங்கள் மதரசாவில் செவிலியர் ஒருவரை அழைத்து ஒரு தலையணையின் மீது பழகினோம். தாய்மார்கள்தாம் மிக ஆர்வமாகப் பழகினர்.

அடுத்த வாரம் கெலவரப்பள்ளி. ஓசூரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். பெங்களூர்ப் பகுதியின் சாக்கடையும் ஆலைக் கழிவும் தென்பெண்ணையில் கலப்பதால், அணையிலிருந்து நீர் திறக்கும் நாள்களில் வெண்ணுரை மலைபோல் எழுந்து நிற்பதைச் செய்திகளில் கண்டிருப்பீர்கள். நாங்கள் போன அன்றும் நுரை இருந்தது. பஞ்சுப் பொதிகளாகக் காற்றில் பறந்து வந்ததைப் பிடிக்க என் சின்ன மகள் ஓடினாள். நல்லவேளை, மூத்தவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அழகாக இருக்கிறதே என்று அதில் கை வைத்துவிடாதீர்கள், தோல் அரிக்கும்.

அப்போது மூத்தவள் கேட்டாள்: "அத்தா, இந்தத் தண்ணியில ஒளு செய்யலாமா?"

அசுத்தம் கலந்து நிறமோ சுவையோ வாடையோ மாறிவிட்ட நீரால் ஒளு கூடாது என்பதை ஆண்டுதோறும் சிறு வகுப்பில் நடத்துகிறேன். கரும்பலகையில் மூன்று சொற்களாக எழுதிப் போடுவேன், பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அந்த மூன்றும் ஒன்றாகத் திரண்டு ஓர் ஆறாகவே ஓடுவதை அன்றுதான் நான் கண்ணால் கண்டேன். "கூடாதும்மா" என்றேன். "அப்போ இந்தத் தண்ணிய வயலுக்கு மட்டும் எப்படி விடுறாங்க?" என்றாள். அதற்கு என்னிடம் விடையில்லை. வீட்டிலிருந்து கொண்டு போன கேன் நீரில் ஒளுச் செய்து, வேப்ப மரத்தடியில் லுஹாத் தொழுதோம்.

நீரைப் பற்றியே எழுதிக் கொண்டிருக்கிறேன், மலைக்கு வருகிறேன். நான் வரலாற்றில் பட்டம் பெற்றவன் என்பதால் இங்கே சற்று நீட்டிவிடுவேன், பொறுத்தருள்க.

ஓசூரிலிருந்து தருமபுரி போகும் வழியில் இராயக்கோட்டை. ஊருக்கு மேலே பாறைக் குன்றின் மீது கோட்டை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1791 ஜூலையில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, மேஜர் கௌடி என்பவர் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை திப்பு சுல்தானின் வீரர்களிடமிருந்து இதைக் கைப்பற்றியது. அதே ஆண்டு நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கினார். அங்கே நடந்தது வேறு. ஏணி சாத்தி ஏற முயன்ற படையின் மீது மேலிருந்தவர்கள் பெரும் பாறைகளை உருட்டிவிட்டனர், ஆங்கிலேயர் பின்வாங்கினர். மறு ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் கம்பெனி வசமாயிற்று என்பது தனிக் கதை. கிருஷ்ணகிரி மலையை மக்கள் சையத் பாஷா மலை என்றழைக்கிறார்கள். மேலே தர்கா இருக்கிறது. தர்காவைப் பற்றிய விவாதங்களை விரும்புகிறவர்கள் என்னிடம் நேரில் வரலாம், இப்பத்தியில் அதற்கு இடமில்லை. உருட்டிவிடப்பட்ட பாறை எப்படி இறங்கியிருக்கும் என்பதை அச்சரிவில் நின்று பார்க்கும் பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தின் ஒரு வரி உயிர் பெறுகிறது.

இராயக்கோட்டை ஏறிய அன்று என் மாமியார் பாதி வழியில் ஒரு பாறை நிழலில் அமர்ந்துகொண்டார். "நீங்க போய்ட்டு வாங்க மாப்பிள்ளை, நான் இங்கே தஸ்பீஹ் ஓதிக்கிட்டு இருக்கேன்" என்றார். முதியவர்களை உச்சி வரை இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் தனியே விடவும் வேண்டாம். மூத்தவள் துணைக்கு இருந்தாள். நாங்கள் திரும்பி வந்தபோது, நன்னிமா தம் சிறு வயதில் தம் ஊரிலிருந்து தர்கா உரூஸுக்கு வண்டி கட்டிப் போன கதையைச் சொல்லி முடிக்கும் தறுவாயில் இருந்தார். வீட்டில் பதினான்கு ஆண்டுகளாகச் சொல்லாத கதை! உச்சிக்கு வராததற்காக என் மகள் வருந்தவேயில்லை.

மலையேறுவோர் நினைவில் கொள்ள வேண்டியது வெயில். இந்தப் பக்கத்துக் குன்றுகள் மரமற்ற வெறும் பாறைகள். காலை 9 மணிக்கு மேல் பாறை சூடேறும். 11 மணிக்குத் தோசைக்கல். பஜ்ரு முடித்துப் புறப்பட்டு, 10 மணிக்குள் இறங்கிவிடுவது நன்று. ஆளுக்கு 2 லிட்டர் நீராவது வேண்டும். ரப்பர்ச் செருப்பு வேண்டாம். பின்பட்டை உள்ளதாகவோ காலணியாகவோ இருக்கட்டும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கால் சறுக்கும். பிள்ளைகள் இறக்கத்தில் ஓடுவார்கள், ஓட விடாதீர்கள். கோட்டைகளின் மேலே மழைநீர் தேங்கும் சுனைகள் உண்டு. படிகள் இருக்கிறதே என்று இறங்கிவிட வேண்டாம். ஏரிக்குழியைப் பற்றிச் சொன்னது சுனைக்கும் பொருந்தும்.

இவ்விஷயத்தை ஜும்ஆவுக்குப் பின் சிலரிடம் பேசியபோது, பெரியவர் ஒருவர், "பெண்டு பிள்ளைகளை மலையில ஏத்துறதா ஹஜ்ரத்?" என்று முகம் சுளித்தார். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆகவே மெல்லச் சொன்னேன். பெருமானார் (ஸல்) அவர்கள் பயணம் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதன்முறை அன்னையார் வென்றதும், பின்னொரு நாள் பெருமானார் வென்று, அதற்கு இது ஈடென்று சிரித்ததும் நாம் கற்ற ஹதீஸ்தானே? ஓட்டத்துக்கே இடமிருந்தது, நடைக்கு இல்லையா? பெரியவர் பதில் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிறு தம் பேத்திகள் இருவரை அழைத்துக்கொண்டு வந்தார். அவர் ஏறவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

பெண்களுக்கு உண்மையான இடைஞ்சல் வேறிடத்தில் இருக்கிறது. அதை ஆண்கள் யாரும் எழுதுவதில்லை. மலையடிவாரத்திலும் ஏரிக்கரையிலும் கழிப்பறை கிடையாது. அதனால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? முந்தின இரவு முதலே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். பாதி மலையில் தலை சுற்றி உட்காருகிறார்கள். "அவளுக்கு நடக்க முடியாது" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டாவது ஞாயிறு என் இல்லாளுக்கும் அதுவே நேர்ந்தது. காரணத்தை மூன்று நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அன்று முதல் எந்த இடத்துக்குப் போவதாயினும், வழியில் உள்ள பள்ளிவாசலில் பெண்களுக்கு வசதி உண்டா, தெரிந்த குடும்பத்தின் வீடு உண்டா, நல்ல பெட்ரோல் பங்க் உண்டா என்பதை முதலில் விசாரித்துக் கொள்கிறேன். உடையைப் பற்றி ஒரு சொல்: தரையைப் பெருக்கும் நீளமுள்ள புர்கா பாறையில் காலைத் தடுக்கும். கணுக்காலோடு நிற்கும்படி தைத்து, உள்ளே தளர்ந்த சல்வார் அணிந்தால் மறைப்பும் குறையாது, நடையும் தடைபடாது. என் இல்லாளே தைத்துக் கொண்டார்.

காட்டுக்குள் நடப்பதற்குக் குடும்பமாகத் தாமே புறப்பட்டுவிட வேண்டாம். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. நம் மாவட்டத்தில் குத்திராயன் சிகரமும், அய்யூர்–சாமை ஏரிப் பாதையும் அவற்றுள் அடங்கும். முன்பதிவு செய்து, பிள்ளைகளின் வயதுக்கு எது தகும் என்று கேட்டு, அதன்பின் செல்லலாம். காட்டுத் தீக் காலத்தில் மூடிவிடுவார்கள்.

தீயைத் தவிர யானையும் உண்டு. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டன. கர்நாடகத்தின் பன்னர்கட்டா வனத்தோடும் காவிரி வனத்தோடும் இவை தொடர்ச்சியாக இருப்பதால், யானைக்கு மாநில எல்லை கிடையாது. ராகி முற்றும் பருவத்தில் கூட்டம் கூட்டமாக வந்து, ஓசூருக்கு அருகிலுள்ள சானமாவுக் காட்டில் தங்கும். அந்த மாதங்களில் விடியற்காலையிலும் அந்தியிலும் காட்டை ஒட்டிய பாதைகளில் நடப்பது தகாது. நாங்கள் ஒருமுறை உத்தனப்பள்ளிச் சாலையில் வனக்காவலர் கை காட்டியதும் மறுபேச்சின்றித் திரும்பினோம். பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். திரும்பி வருவதும் பயணத்தில் ஒரு பகுதி என்று அவர்கள் அறிய அன்று ஒரு வாய்ப்பு.

அருவி என்றால் நமக்கு ஒகேனக்கல். புகையும் கல் என்பது அதன் கன்னடப் பொருள். நீர்த்திவலை புகையாய் எழுவதால் வந்த பெயர். அங்கே போகுமுன் செய்தியில் ஓர் எண்ணைப் பாருங்கள். கர்நாடக அணைகளில் திறக்கப்படும் நீரை, மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. "வினாடிக்கு இத்தனை கன அடி" என்று தினமும் வெளியாகும். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். 10,000 கன அடி என்றால், 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 23 ஒரே வினாடியில் உங்களைக் கடந்து போவதாக எண்ணிக் கொள்ளுங்கள். நமக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும். மழை குடகில் பெய்திருக்கும். நீர் இங்கே உயரும். ஆகவேதான் வெயிலடிக்கும் நாளிலும் குளிக்கவும் பரிசல் ஏறவும் தடை விதிக்கிறார்கள். தடை என்றால் வாதாடாதீர்கள். பரிசலில் ஏறினால், வெப்பமாக இருந்தாலும் மிதவை உடையைக் கடைசிக் கொக்கி வரை மாட்டுங்கள். பெண்களுக்கு அது புர்காவின் மேலேயே பொருந்தும்.

கிருஷ்ணகிரி அணை இவற்றிலெல்லாம் எளிது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டியது. முழு அளவு 52 அடி. 2017 நவம்பரில் மதகு ஒன்று உடைந்து நீர் பாய்ந்த செய்தி நினைவிருக்கலாம். கீழே பூங்கா, நிழல், வறுத்த மீன். வயதானவர்களை அழைத்துப் போக அதுவே ஏற்றது. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீனை மட்டும் எண்ணெய் மாற்றிப் பொரிக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

நான்கு மாதங்களாகின்றன. இப்போது மாதம் இரண்டு ஞாயிறு, ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து நடக்கிறோம். பெண்கள் முன்னால், பிள்ளைகள் நடுவில், ஆண்கள் பின்னால் மூட்டை சுமந்துகொண்டு. இந்த வரிசையைப் பெண்கள்தாம் வகுத்தார்கள். கொண்டு போன காகிதம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் திரும்பக் கொண்டு வருகிறோம். கோணிப்பை என் மகனின் பொறுப்பு. நகராட்சி நீச்சல் குளமோ தனியார் குளமோ, எங்கே பெண் குழந்தைகளுக்குப் பெண் பயிற்றுநர் கிடைப்பார் என்று இரண்டு சகோதரிகள் தேடிக் கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சிறுவனின் அத்தாவை நான் அழைக்கவில்லை. எப்படி அழைப்பேன்? சென்ற மாதம் அவராகவே வந்தார்; இரவு ஷிப்டு முடித்து, உடுப்பு மாற்றாமல், தம் ஒன்பது வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றார். வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. கரைக்கு வந்ததும் என் மகனிடமிருந்து மூங்கில் கழியை வாங்கினார். கரையோரமாய்க் குந்தி அமர்ந்து, மகளைத் தம் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அவளுடைய இரு கைகளையும் கழியின் மேல் வைத்து, தம் கைகளை அவற்றின் மேல் வைத்து நீருக்குள் இறக்கினார். "தட்டுதா?" என்று கேட்டார். "தட்டுது அத்தா" என்றாள். இன்னும் சற்றுத் தள்ளி விட்டார். "இப்போ?"

அவள் தலையை அசைத்தாள். அவர் கழியை வெளியே எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்பதை அவளுடைய உயரத்தோடு வைத்துக் காட்டினார். பிறகு கரை நெடுகிலும், பத்து அடிக்கு ஒருமுறை நின்று நின்று, இருவரும் அதையே செய்துகொண்டு போனார்கள். நாங்கள் கலிங்கருகே தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, அவர்கள் வந்து சேரும் வரை காத்திருந்தோம்.